ஜோடி சேராத சறுக்குப் பலகைகள்

போடியில் விடிகாலை ஐந்து மணிக்கு எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்ற நிற்கும் ஜீப்புகளில், பாண்டித்துரையின் ஜீப்பை மட்டும் நம்பர் பார்த்துத் தேட வேண்டியதில்லை. கூரைக் கம்பியில் இரண்டு பனிச்சறுக்குப் பலகைகள் மாட்டுக்கொம்பு மாதிரி முன்னால் துருத்திக்கொண்டு நிற்கும். அவையும் ஜோடி கிடையாது. ஒன்று ஆளுயரத்தைத் தாண்டிய நீளம், நாலு விரல் அகலம், வெள்ளைச் சாயம் உரிந்தது. மற்றது அதைவிட முக்கால் முழம் குட்டை, ஆறு விரலுக்கு மேல் அகலம், நடுவில் இடுப்பு ஒடுங்கி மூக்கு நன்றாக நிமிர்ந்தது.

"ஒண்ணு நெட்டை, ஒண்ணு குட்டை. நம்ம கங்காணியும் அவரு சம்சாரமும் மாதிரி" என்பான் சோலை. ஒத்தப்பாறை எஸ்டேட்டில் மருந்தடிக்கும் ஆள் அவன். போடியில் எந்த மாதம் பனி விழப்போகிறது என்று ஜீப்பில் ஏறும்போதெல்லாம் கேட்பான். பாண்டித்துரை கியரைப் போட்டபடியே, விழும்போது முதல் ஆளாக உன்னை உருட்டிவிடுகிறேன் என்பார். அதற்கு மேல் அந்தப் பலகைகளைப் பற்றி அவர் யாரிடமும் பேசியதில்லை.

சிலமலையில் பிறந்து பதினேழு வருஷம் பட்டாளத்தில் இருந்தவர். அதில் நாலு குளிர்காலம் காஷ்மீரத்துப் பனியில். முதல் குளிர்காலத்தின் முதல் நாளில் மட்டும் பத்தொன்பது முறை விழுந்தார். காரணம் போடி மலை. இந்த மலையில் ஏலக்காய் மூட்டையோடு இறங்கிப் பழகிய எவருக்கும் சரிவைக் கண்டால் உடம்பு தானாகப் பின்னால் சாயும், குதிகால் ஊன்றும். மண்ணில் அது உயிரைக் காக்கும். பனியில், பலகை மேல் நிற்கிறவன் பின்னால் சாய்ந்தால் பாரம் வாலுக்குப் போய்விடும். மூக்கு மேலெழும்பி, சொன்ன பேச்சு கேட்காமல் தன் இஷ்டத்துக்கு அலையும். பயிற்சி கொடுத்த கட்வால் ஹவில்தார் அவர் சட்டையைப் பிடித்துப் பள்ளத்தின் பக்கமாக இழுத்து நிறுத்துவார். பள்ளத்தைப் பார்த்துச் சாய்கிறவன்தான் நிற்பான் என்பது மண்டைக்குப் புரிய ஒரு நாள் ஆனது. காலுக்குப் புரிய ஒரு மாதம்.

பிறகுதான் பலகைக்குப் பலகை உள்ள வித்தியாசம் தெரிந்தது. புதுப்பனி அரைத்த உளுந்து மாவு மாதிரி இருக்கும். ஒடுங்கிய நெட்டைப் பலகை அதில் கத்திபோல அமிழ்ந்துவிடும். அகலப் பலகை மூக்கைத் தூக்கிக்கொண்டு மிதக்கும். அதே சரிவு நிழலில் கிடந்து இறுகிப்போனால் கண்ணாடி. அங்கே அகலப் பலகை, ஈரத் தரையில் ரப்பர் செருப்பு மாதிரி பக்கவாட்டில் வழுக்கும். நெட்டைப் பலகை ஓரத்தில் பதித்த எஃகுப் பட்டியால் கீறலைப் போட்டு அந்தக் கீறலிலேயே நிற்கும்.

மூன்றாவது குளிர்காலத்தில் இதைத் தெரிந்திருந்தும் தவறினார். அடிபட்ட நாகர்கோவில் நண்பர் ஒருவரைச் சறுக்குவண்டியில் கட்டி இறக்கினார்கள். வண்டியைப் பின்னாலிருந்து பிடித்து நிறுத்தும் வால்கயிறு பாண்டித்துரையின் இடுப்பில். காலையில் புதுப்பனி என்று அகலப் பலகை மாட்டியிருந்தார். பாதி வழியில் பாறை நிழலில் கண்ணாடியாக இறுகிய இடம் வந்தது. பலகை பிடிக்கவில்லை. வண்டி அவரையும் இழுத்துக்கொண்டு நாற்பது அடி போய்ப் பாறையில் மோதியது. நண்பர் பிழைத்தார், ஆனால் இடுப்பு போனது. இன்றும் பொங்கலுக்குப் பொங்கல் போன் செய்வார். அந்த மோதலின் சத்தத்தைப் பற்றிப் பாண்டித்துரை ஊரில் யாரிடமும் சொன்னதில்லை. பட்டாளத்தை விட்டு வரும்போது கூட்டாளிகள், கழித்துப்போட்ட இரண்டு ஜோடியிலிருந்து ஒவ்வொன்றை எடுத்துக் கட்டிக் கொடுத்தார்கள். நெட்டை, அவர் விழுந்து கற்றது. அகலமானது, அவர் மிதந்தது. அவர்களுக்கு அது வேடிக்கை. அவர் இரண்டையும் ஜீப் கூரையில் போல்ட் போட்டு முறுக்கி வைத்துவிட்டார்.

ஆடி மாதம் மூன்று நாள் விடாத மழையில் ஒத்தப்பாறைக்குப் போகும் ஜீப் பாதை அறுபது அடிக்குச் சரிந்துபோனது. பாண்டித்துரையின் ஜீப் சரிவுக்குக் கீழே வளைவில் நின்றது, ஆட்களெல்லாம் மேலே. நாலு மணிக்கு நடந்து இறங்கி வரச் சொல்லியிருந்தார்கள். இரண்டு மணிக்குக் கங்காணியிடமிருந்து போன் வந்தது. மழையில் ஊறிய நிழல்மரக் கொப்பு முறிந்து எஸ்டேட் கூலியாள் கண்ணுச்சாமியின் தொடையில் விழுந்துவிட்டது.

பாண்டித்துரை புல்லைப் பிடித்து ஏறி மேலே போய்ச் சேர்ந்தபோது, கண்ணுச்சாமி தார்ப்பாய்க்குக் கீழே கிடந்தார். இடது தொடை சுரைக்காயாக வீங்கியிருந்தது. வெளியே ரத்தமே இல்லை. உதடு வெளுத்திருந்தது. அவர் மனைவி முனீஸ்வரி புருஷனின் இடது பாதத்தைத் தன் முந்தானையில் பொதிந்து இரண்டு கையாலும் தேய்த்துக்கொண்டிருந்தாள். பாண்டித்துரை பாதத்தைத் தொட்டார். குளிர்ந்திருந்தது. பாதத்தின் மேல் நாடி விரலுக்கு அகப்படுவதும் தப்புவதுமாக இருந்தது. போகிற ரத்தமெல்லாம் தொடைக்குள்ளேயே தேங்குகிறது என்பது அவருக்குத் தெரியும். ஒன்றரை மணி நேரத்தில் ஜீப்பில் ஏற்றியாக வேண்டும். தாமதித்தால் கால் போகும்; இன்னும் தாமதித்தால் ஆளே போய்விடுவார்.

டோலி தயாராக இருந்தது. மூங்கிலில் கம்பளி கட்டிய டோலி. அதன் பின்கொம்பு எப்போதும் வீரணன் தோளில். இருபத்தைந்து வருஷமாக இந்த மலையிலிருந்து பிள்ளைவலிக்காரிகளையும் பாம்பு கடித்தவர்களையும் இறக்கியவர். ஒருவரையும் கீழே போட்டதில்லை என்பது அவருடைய கௌரவம். ஆனால் வழக்கமான பாதை மண்ணோடு போயிருந்தது. மிச்சமிருந்தது செங்குத்தான புல்லுச் சரிவு. அதற்குக் கீழே ஏலக்காடு. ஏலக்காட்டுக்குக் கீழே ஜீப். சற்று முன் புல்லில் பத்து எட்டு வைத்துப் பார்த்திருக்கிறார்கள். முன்னாலிருந்தவன் வழுக்கி விழ, டோலி தரையில் இடித்து, கண்ணுச்சாமி அலறி மயங்கிவிட்டார். ஒடிந்த எலும்பு இன்னொரு இடியைத் தாங்காது.

உயரத்தில் தூக்கினால்தானே விழும். தரையோடு தரையாகப் போனால்? பாண்டித்துரைக்கு அது தோன்றிய அதே நொடியில் பாறையில் மோதிய அந்தச் சத்தமும் காதுக்குள் வந்தது. முனீஸ்வரி நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"சோலை, ஜீப்பு சீட்டுக்கடியில ஸ்பானர் கிடக்கு. மேல இருக்குற ரெண்டு பலகையையும் கழட்டிக் கொண்டா. வெரசா."

சோலை முதன்முறையாகக் கிண்டல் செய்யாமல் ஓடினான்.

அவன் வருவதற்குள் பாண்டித்துரை மூங்கிலைப் பிளந்து காலுக்கு இரண்டு பக்கமும் வைத்து, வேட்டியைக் கிழித்து இடுப்பு முதல் கணுக்கால் வரை கட்டினார். ஸ்டோரில் ஏலக்காய் உலர்த்தும் கம்பிவலைத் தட்டுகள் இரண்டை எடுத்து வரச் சொன்னார். மரச்சட்டம் அடித்த, கனமில்லாத தட்டுகள். பலகைகள் வந்ததும் அவற்றை இணையாகப் போட்டு, பூட்ஸ் மாட்டும் கவ்விகளை நேருக்கு நேர் வைத்து, மேலே தட்டுகளைக் கிடத்திக் கயிற்றால் இறுக்கினார். மூக்குகள் ஒன்றுக்கொன்று முன்பின்னாக நின்றன. சோலை அதைச் சரிசெய்யப் போனான். தடுத்துவிட்டார். பாரம் நிற்கப்போவது மூக்கில் இல்லை, நடுவில். நடு சேர்ந்தால் போதும்.

எது வலது, எது இடது என்பதில்தான் கை நின்றது. இரண்டும் ஒரே மாதிரி என்றால் நேராகவே இறக்கலாம். இது நேராகப் போகாது; ஒன்று தரையைப் பிடிக்கும், ஒன்று வழுக்கும், வண்டி திருகிக்கொண்டு போகும். குறுக்கே குறுக்கேதான் இறக்க வேண்டும். முதல் குறுக்கு, புல்லின் மேல், பாறை வரை: பள்ளம் வலதுகைப் பக்கம். பாறையைச் சுற்றித் திரும்பினால் இரண்டாம் குறுக்கு, ஏலக்காட்டுக்குள்: பள்ளம் இடதுகைப் பக்கம். பாரம் எப்போதும் பள்ளத்துப் பலகையில்தான் இறங்கும். ஈரப்புல், அடியில் இறுகிய மண். அதற்கு எஃகு ஓரம் வேண்டும். ஏலக்காட்டு மண் மக்கிய இலையும் சேறும். ஒடுங்கிய பலகை அங்கே முழங்கால் ஆழம் போகும்; அகலம்தான் மிதக்கும். நெட்டையை வலதில் கட்டினார், அகலத்தை இடதில். வழி திரும்பும்போது வேலையும் கை மாறும். வழுக்குவதற்குத் தடவும் மெழுகை இரண்டு வருஷமாகக் காணாத அடிப்பாகம் சொரசொரப்பாக இருந்ததும் நல்லதற்குத்தான். வேகம் அவருக்கு வேண்டாம்.

கண்ணுச்சாமியைத் தூக்கிக் கிடத்தும்போதுதான் சிக்கல் வந்தது. கால் முன்னால் வரும்படி வைக்கச் சொன்னார் பாண்டித்துரை. தூக்கியவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள்.

"மாப்ளே, நீ பட்டாளத்துல எப்படிச் செஞ்சியோ தெரியாது" என்றார் வீரணன். "இந்த மலையில உசிரோட இருக்குற ஆள தலை முன்னாலதான் இறக்குவோம். கால் முன்னால போறது ஒரே ஒரு சோலிக்குத்தான். அத இவ முன்னால என் வாயால சொல்ல வைக்காத."

உடம்பின் பாரம் நெஞ்சிலும் தலையிலும் இருக்கிறது, அது முன்னால் போனால் பலகையின் மூக்கு தரையில் குத்தும் என்று பாண்டித்துரை சொல்லிப் பார்த்தார். இருபத்தைந்து வருஷத்தில் ஒருத்தரைக்கூட அப்படி இறக்கியதில்லை என்றார் வீரணன். கூடத் தூக்கிய இருவரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஆனால் கையை மாற்றவில்லை. மேலேயிருந்து மூடுபனி இறங்கத் தொடங்கியிருந்தது. வாதாட நேரமில்லை என்று பாண்டித்துரை விட்டுக்கொடுத்தார். விட்டுக்கொடுத்தது தப்பு என்று தெரிந்தேதான் விட்டுக்கொடுத்தார்.

முன்கயிறு சோலை கையில், வால்கயிறு வீரணனும் இன்னொருவரும். பாண்டித்துரை பள்ளத்துப் பக்கம், வண்டியோடு ஒட்டி. நகர்ந்தது. இருபது அடி நன்றாகவே போனது. பிறகு ஒரு புல்குத்து. பாரமெல்லாம் முன்னால் இருந்ததால் நெட்டைப் பலகையின் மூக்கு அதில் ஏறவில்லை; குத்தி நின்றது. முன்பக்கம் நின்றதும் வால் பள்ளத்தைப் பார்த்து வீசியது. வீரணன் தன் வாழ்நாள் பழக்கப்படி பின்னால் சாய்ந்து, குதிகாலை ஊன்றிக் கயிற்றை இழுத்தார். அந்த இழுப்பில் அகலப் பலகை தரையை விட்டு எழும்பியது. தட்டு ஒருக்களித்தது. கண்ணுச்சாமியின் தலை பள்ளத்துக்கு மேலே தொங்கியது.

பாண்டித்துரை சட்டத்துக்கு அடியில் தோளைக் கொடுத்தார். பலகையின் எஃகு ஓரம் முன்கையைக் கீறியது. கால் புல்லில் வழுக்க, முழங்காலை மண்ணில் குத்தி நின்றார். கொஞ்சம் கொஞ்சமாகப் பலகை தரைக்கு வந்தது.

கண்ணுச்சாமி முனகினார். முனீஸ்வரி அவர் பாதத்தைப் பிடித்தபடியே சரிவில் உட்கார்ந்திருந்தாள். பாண்டித்துரை வந்ததிலிருந்து வாய் திறக்காதவள், இப்போதும் குரலை உயர்த்தவில்லை.

"மாமா, இவரு பொணமா இருந்தாத்தான் அந்த வழக்கமெல்லாம். உசிரு இருக்கு. நான் பிடிச்சுக்கிட்டுத்தான இருக்கேன். அண்ணன் சொல்ற மாதிரி திருப்பிப் போடுங்க."

"ஆத்தா, நாளைக்கு ஊரு கேட்டா…" என்றார் வீரணன்.

"கேட்டா நான் சொல்லிக்கிறேன். நீங்க கயித்தப் பிடிங்க."

வீரணன் வால்கயிற்றைக் கூட நின்றவரிடம் கொடுத்தார். பிறகு அவரே முதலில் குனிந்து தோளுக்கடியில் கையைக் கொடுத்தார். கண்ணுச்சாமியைத் திருப்பிக் கிடத்தினார்கள். நெஞ்சு இப்போது கவ்விகளுக்குச் சற்றுப் பின்னால்; முன்னால் கால்கள் மட்டும். நிமிர்ந்த மூக்குகள் இரண்டும் தரையை விட்டு ஒரு விரல் எழும்பி நின்றன.

அடுத்த புல்குத்தை நெட்டைப் பலகை மிதித்துக்கொண்டு ஏறி இறங்கியது. வலதுபக்க எஃகு ஓரம் ஈர மண்ணில் கோடு கிழித்துக்கொண்டே போனது. வண்டி அந்தக் கோட்டை விட்டு ஒரு அங்குலம் கீழே இறங்கவில்லை. முனீஸ்வரி இப்போது முன்னால், பாதத்தைப் பிடித்தபடி பக்கவாட்டில் நடந்தாள். பாறை நெருங்கிக்கொண்டிருந்தது.

திருப்பம்தான் எமன். திரும்பும்போது ஒரு கணம் வண்டி நேராகப் பள்ளத்தைப் பார்க்கும். அந்தக் கணத்தில் எந்த ஓரமும் எதையும் பிடிக்காது. அப்போது வாலை விட்டால்தான் அது சுற்றி வரும். இழுத்தால் முன்பு போலவே கவிழும். விட்டதைப் பிறகு பிடிக்காவிட்டால் நேராக முப்பது அடி. பாண்டித்துரை வண்டியை நிறுத்தி, வீரணனிடம் போய்த் தணிந்த குரலில் சொன்னார். நான் விடு என்றால் கயிறு கையில் ஓட வேண்டும். பிடி என்றால் பிடிக்க வேண்டும். நடுவில் பின்னால் சாயக்கூடாது, பள்ளத்தைப் பார்த்து இரண்டு எட்டு இறங்கி வர வேண்டும்.

"பள்ளத்தப் பாத்தா?" வீரணன் சிரித்தார், ஆனால் சிரிப்பு முகத்தில் ஏறவில்லை. "என் காலு கேக்காது மாப்ளே."

"என் காலும் ஒரு மாசம் கேக்கல மாமா. பத்தொம்பது தடவ விழுந்தேன். ஒரு தடவ இன்னொரு ஆளையும் சேத்து விழ வச்சேன்."

வீரணன் அவரை உற்றுப் பார்த்தார். எந்த ஆள், என்ன ஆனார் என்று கேட்கவில்லை. கயிற்றை உள்ளங்கையில் ஒரு சுற்றுக் குறைத்துப் பிடித்தார்.

சோலை மூக்கைத் திருப்பினான். வண்டி மெல்ல, பிறகு சட்டென்று, பள்ளத்தைப் பார்த்தது. கண்ணுச்சாமியின் பாதங்களுக்கு அப்பால் மூடுபனி மட்டும் தெரிந்தது. முனீஸ்வரி கையை எடுக்கவில்லை. சறுக்கியபடியே கூட வந்தாள்.

"விடு மாமா."

வீரணனின் குதிகால் ஊன்றத்தான் பார்த்தது. பாண்டித்துரை அதைப் பார்த்தார். இடுப்பு பின்னால் போனது, தோள் போனது. பிறகு அந்த மனுஷன் பல்லைக் கடித்துக்கொண்டு பள்ளத்துக்குள் ஒரு எட்டு வைத்தார். இன்னொரு எட்டு. கயிறு அவர் உள்ளங்கையில் சீறிக்கொண்டு ஓடியது. வால் சுற்றி வந்தது.

"பிடி."

கயிறு விறைத்தது. அகலப் பலகை பள்ளத்துப் பக்கம் வந்து பாரத்தை வாங்கியது. வண்டி ஏலக்காட்டு ஓரத்தில், இலைமக்கின் மேல், அமிழாமல் நின்றது. வீரணனின் உள்ளங்கைத் தோல் உரிந்து தொங்கியது. அவர் அதை வேட்டியில் துடைத்துவிட்டு, என்ன நிக்கிறீக, நகத்துங்க என்றார்.

ஏலக்காட்டுக்குள் ஆட்களின் கால் முழங்கால்வரை புதைந்தது. வண்டி புதையவில்லை. மேலே ஏறிப்போன நெட்டைப் பலகை வெறுமனே கூட வந்தது. பாரம் முழுக்க அகலத்தின் முதுகில். செடிகளுக்கு நடுவே ஒரு முறை வேரில் தட்டியபோது கண்ணுச்சாமி கண்ணைத் திறந்து, எங்க போறோம் என்றார். போடிக்கு என்றாள் முனீஸ்வரி. மூன்றே முக்காலுக்கு ஜீப்பின் பின்கதவில் தட்டை அப்படியே நுழைத்தார்கள். பலகைகளைக் கழற்ற நேரமில்லை. கதவை மூட முடியாமல், நெட்டைப் பலகையின் வால் வெளியே நீட்டியபடி, சோலை தொங்கிக்கொண்டு வர, ஜீப் மலை இறங்கியது.

போடி ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றினார்கள். காலை இழுத்துக் கட்டினார்கள். ஒரு மணி நேரம் கழித்து வெளியே வந்த டாக்டரம்மா, நாடி நன்றாக ஓடுகிறது, கால் தப்பித்தது, கம்பி வைக்க இப்போதே தேனிக்கு அனுப்பப் போகிறேன் என்றார். இன்னும் அரை மணி நேரம் போயிருந்தால் பேச்சே வேறு என்றும் சொன்னார். மூங்கில் கட்டு போட்டது யார் என்று கேட்டார். சோலை எல்லோருக்கும் முன்னால் பாண்டித்துரையைக் காட்டினான். பாண்டித்துரை தன் முன்கைக் கீறலைத் துண்டால் மறைத்துக்கொண்டு சுவரோரம் நின்றார்.

ஆம்புலன்சுக்குக் கொண்டுபோகத் தள்ளுவண்டி வந்தது. தள்ளுகிறவர் தலைமாட்டில் நின்றுகொண்டு, தினமும் செய்கிற மாதிரி, கால் முன்னால் போகும்படி நடைவழியில் தள்ளினார். வீரணனின் கட்டுப்போட்ட கை தன்னையறியாமல் நீண்டு வண்டியைத் தடுத்தது.

"என்ன பெருசு?" என்றார் தள்ளுகிறவர்.

வீரணன் முனீஸ்வரியைப் பார்த்தார். அவள் இன்னும் அந்த இடது பாதத்தைத்தான் பிடித்திருந்தாள்.

"போகட்டும் மாமா. காலு சுடுது. தொட்டுப் பாருங்க."

வீரணன் கட்டுக்கு வெளியே நீண்டிருந்த விரல்களால் தொட்டுப் பார்த்தார். பிறகு கையை எடுத்து வழிவிட்டார்.